கிணற்றை மூடுகிற கை

மருதப்பன் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. லோயாங்கில், கடலில் எண்ணெய்க்குத் துளையிடும் ரிக்குகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பின்னால் ஒரு கட்டடம். அதன் மாடியில், ரிக்கில் துளையிடும் பொறியை ஓட்டுகிற டிரில்லர் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அதே நாற்காலி, அதே கைப்பிடிகள், அதே மீட்டர்கள். எதிரே சுவர் முழுக்க ஒரு திரை. அதில் குழாய் சுழலும், பின்னால் கடல் அசையும். எல்லாம் பொய்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு நிஜமாகவே வேர்க்கும்.

வேர்க்கக் காரணம் உண்டு. பூமிக்குள் வெகு ஆழத்தில் எண்ணெயும் வாயுவும் பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. துளையிடும்போது அவை மேலே பாய்ந்து வந்துவிடாமல் இருக்க, கனமான சேற்றைக் கிணறு நிறைய வைத்திருப்பார்கள். சேற்றின் கனம் போதாத இடம் வந்தால் வாயு மெல்ல உள்ளே நுழையும். ரிக்கில் அதைக் ‘கிக்’ என்பார்கள். பேர்தான் அப்படியே தவிர, முதலில் உதையும் இருக்காது, சத்தமும் இருக்காது. மேலே, சேறு திரும்பி வந்து சேரும் தொட்டியில் மட்டம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அதைக் கண்டதும் டிரில்லர் பம்பை நிறுத்தி, கிணற்றின் வாயிலுள்ள பெரிய அடைப்பானை மூடிவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால், மேலே வரவர வாயு விரிந்துகொண்டே வரும். தளத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

டிரில்லர்கள் எத்தனை வருஷ அனுபவசாலிகளாக இருந்தாலும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையில் தேறிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிக்கில் ஏற முடியாது. மருதப்பன் அவர்களுக்குப் பாடம் எடுப்பான். பிறகு பின்னாலிருக்கும் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, அவர்கள் கிணற்றுக்குள் பொய் வாயுவை அனுப்பிவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பான்.

அவனும் ஒரு காலத்தில் டிரில்லர்தான். வியட்நாம் கடலிலும் சரவாக் கடலிலும் பல வருஷம் ஓடியவன். ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது உலகம் கிறுகிறுவென்று சுற்றியது. உள்காதில் கோளாறு என்றார் டாக்டர். எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் நிற்க முடியாது. கடல் வேலைக்கான மருத்துவச் சோதனையில் அதோடு அவன் பெயர் கழிபட்டுப் போனது. ரிக்குக்குப் போகும் ஹெலிகாப்டர் கிடையாது, உயரமான இடம் கிடையாது. அப்போது கிடைத்ததுதான் இந்த அறை.

இதிலிருந்து வெளியே போக அவன் முயலாமல் இல்லை. டேட்டா சென்டர் ஒன்றில் நேர்முகத்துக்குப் போனான். எதிரே இருந்த பெண் அவன் விவரங்களைப் புரட்டிவிட்டு, “கிணறு இல்லாம வேற என்ன தெரியும் உங்களுக்கு?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள். புகையிலிருந்து பிரித்தெடுத்த கரிவாயுவைப் பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கிப் பூட்டப்போகும் ஒரு புதிய கம்பெனி அவனைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டது. இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுகிறோம் என்றார்கள். கடைசியில், மாதத்தில் சில நாள் கடலுக்குப் போக வேண்டும், மருத்துவச் சான்று மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். மருதப்பன் நன்றி சொல்லிவிட்டு பாசிர் ரிஸ் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தான்.

அவனை எண்ணெய்த் தொழிலுக்குள் கூட்டி வந்தவர் அழகர்சாமி. அப்போது மருதப்பன் துவாஸ் கப்பல் பட்டறையில் குழாய் பொருத்திக்கொண்டிருந்தான். கட்டி முடிந்த ரிக் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வந்த குழுவில் அழகர்சாமி இருந்தார். “கட்டிக்கிட்டே இருப்பியா? ஏறி வந்து பாரு லா” என்று சொன்னவர், சொன்னதோடு நிற்காமல் தன் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். சில வருஷம் கழித்துத் தன் தங்கை பாக்கியலட்சுமியையும் கட்டி வைத்தார். ரிக்கில் ‘நீ’ என்று கூப்பிட்டவர், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் மட்டும் ‘நீங்க’ என்பார். தங்கச்சி புருஷன் அல்லவா.

அந்த அழகர்சாமி போன வருஷம் சான்றிதழ் புதுப்பிக்க லோயாங்குக்கு வந்தார்.

சொந்தக்காரரைச் சோதிக்கக்கூடாது என்று மருதப்பன் உடனே மேலாளர் வைதேகியிடம் போய்ச் சொன்னான். வைதேகி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“மருது, இன்னொரு சோதனையாளர் மிரியில இருக்கார். இந்த பேட்ச்சைத் தள்ளிப் போட முடியாது. அவங்க எல்லாருக்கும் ரிக்குக்குப் போற தேதி வந்துடுச்சு. உறவுன்னு எழுதிக் கொடுத்துடுங்க, நான் மேல தெரியப்படுத்திடறேன். உங்களைப் பத்தி யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

“சந்தேகத்துக்காகச் சொல்லல. என்னால முடியாது.”

“முடியும். ஒரு மதியம்தானே.”

சோதனை அறைக்குள் அழகர்சாமி வந்து உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்பைத் திரும்பிப் பார்த்து, அந்த பேட்ச்சின் மற்ற மூவருக்கும் கேட்கும்படி, “ரெடி சார்” என்றார். அவர் தன்னைச் ‘சார்’ என்று கூப்பிட்டது மருதப்பனுக்கு என்னவோ போலிருந்தது.

திரையில் துளை இறங்கியது. எல்லோருக்கும் அனுப்புகிற அதே வாயுவை அவருக்கும் அனுப்பினான். தொட்டி மட்டம் ஏறத் தொடங்கியது. அழகர்சாமி அதைப் பார்த்தார். பார்த்தது மருதப்பனுக்குத் தெரிந்தது. அவர் கை கைப்பிடி வரை போய் நின்றது. அலாரம் அடித்தது. அதை அணைத்தார். தொலைபேசியை எடுத்து, “யாராவது தொட்டிக்குச் சேறு மாத்துறீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு தரம் கேட்டார். மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது.

மருதப்பனின் முன்னால் ஒரு திருகு இருந்தது. வாயு வரும் வேகத்தைக் குறைக்கிற திருகு. லேசாகத் தொட்டால் போதும், மச்சானுக்கு அவகாசம் கிடைக்கும். அறையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. விரலை அதன் மேல் வைத்தான். வைத்தபடி, மூடுங்க மச்சான், மூடுங்க, என்று வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்தான். திருப்பவில்லை.

அழகர்சாமி மூடியபோது வாயு பாதிக் கிணறு ஏறியிருந்தது. அதன்பின் பதற்றத்தில் அவர் செய்ததெல்லாம் தப்பாகவே முடிந்தது. திரை சிவந்தது. இடைவேளைக்குப் பிறகு விதிப்படி இன்னொரு வாய்ப்பு கொடுத்தான். அதிலும் அதே கதைதான்: பார்த்தார், அலாரத்தை அணைத்தார், கேட்டார், காத்திருந்தார்.

தேறவில்லை என்று மருதப்பன் பதிந்தான். அழகர்சாமி எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “தேங்க்யூ சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனபோது செய்தி அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பாக்கியலட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“எங்கண்ணன் உங்களைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. நீங்க அவரை வாசலோட நிறுத்திட்டீங்க.”

“பாக்கியம், அவரு மூடல. கேஸ் மேல வந்துடுச்சு.”

“எந்த கேஸ்? டிவி பொட்டில வர்ற கேஸா?”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. அந்த ரிக்கில் நூறு பேர் தூங்குவார்கள், சாப்பிடுவார்கள், வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள் என்ற பதில். ஆனால் அதைச் சொன்னால், உன் அண்ணன் கையில் அவர்களை விட முடியாது என்று சொன்ன மாதிரி ஆகும். அதன்பின் அந்த வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சுதான் வரவில்லை.

கொஞ்ச நாளில் அழகர்சாமி வெளிநாட்டில் இன்னொரு மையத்துக்குப் போய் அதே சோதனையில் உட்கார்ந்து தேறிவிட்டார். சான்றிதழ் வந்தது, ரிக்குக்கும் போய்விட்டார். பாக்கியலட்சுமி போனில் அண்ணனிடம் சிரித்துப் பேசுவது அடுப்படியிலிருந்து கேட்டது. தன் காதில் விழட்டும் என்றே அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்தாள் என்று மருதப்பனுக்குத் தோன்றியது.

அவன் வைதேகியிடம் போனான். “இதுல நாம ஏதாவது சொல்ல முடியுமா?”

“என்னன்னு சொல்றது? அவர் கையில செல்லுபடியாகுற சர்ட்டிபிகேட் இருக்கு. அங்க நல்லா செஞ்சிருக்கார். நீங்க சொன்னா, மச்சானைப் பழிவாங்குறாருன்னுதான் பேசுவாங்க.”

அவள் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம் அவனுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கடல் வேலைச் செய்திகள் வரும் தளத்தைக் காலையில் எழுந்ததும் பார்ப்பான். ரிக், தீ, வெளியேற்றம் என்று எந்தச் சொல் கண்ணில் பட்டாலும் அது எந்த ரிக் என்று தேடுவான். வகுப்பில் பழைய விபத்துகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நடுவில் நிறுத்திவிடுவான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவனுக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரிக்கிலிருந்து விடுமுறையில் வந்த அழகர்சாமி தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் பாக்கியலட்சுமிக்கு மீன் என்றால் தேக்காவில்தான் வாங்க வேண்டும். அழகர்சாமியின் வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்து பிளாக்கில், பஃபலோ ரோட்டில். ஒரு சனிக்கிழமை காலை, ஈரத் தரையில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து வந்த மருதப்பன், வஞ்சிர மீன் வைத்திருந்த மேசைக்கு அந்தப் பக்கம் மச்சானைப் பார்த்துவிட்டான். பின்னால் ஒரு அம்மாள் தள்ளுவண்டியோடு நின்றார். திரும்பிப் போக வழியில்லை.

“இது நேத்து மீன்” என்றார் அழகர்சாமி. “அந்தக் கடையில வாங்கு. அப்புறம் வா, தே குடிக்கலாம்.”

சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். வடையோடு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தது. அழகர்சாமி அதைக் குடிக்காமல் கண்ணாடிக் குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் வேற ஊர்ல லேசா பாஸ் பண்ணிட்டேன்னு நினைக்கிறியா?”

“நான் அப்படிச் சொல்லல மச்சான்.”

“அதே சோதனைதான். அங்க பட்டுன்னு மூடினேன். ஏன் தெரியுமா? பின்னால உட்கார்ந்திருந்தவன் யாரோ. தப்பா மூடினா என்ன நினைப்பான்னு எனக்குக் கவலையே இல்ல.” கொஞ்ச நேரம் வடையைப் பிய்த்தார். “ஆனா ரிக்ல எல்லாரும் தெரிஞ்ச மூஞ்சி, மாப்ள. அங்க போனதும் மறுபடி கை கேள்வி கேக்குது.”

அப்புறம், முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னார். ரிக் ஒரு கம்பெனியுடையது, கிணறு வேறொரு கம்பெனியுடையது. கிணற்றுக்காரர்கள் சார்பில் ஒருவர் ரிக்கில் இருப்பார். அவரைக் கம்பெனி மேன் என்பார்கள். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். லோயாங் சோதனைக்குச் சில மாதம் முன்னால் தொட்டி மட்டம் ஏறியதைப் பார்த்து அழகர்சாமி கிணற்றை மூடிவிட்டார். பார்த்தால் வாயு இல்லை. மட்டம் காட்டும் கருவிதான் கெட்டுப்போயிருந்தது. மூடிய நேரத்தில் குழாய் மண்ணில் சிக்கிக்கொண்டு, விடுவிக்க ஒரு பகல் முழுக்க ஆனது. கம்பெனி மேன் அத்தனை பேர் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கத்தியிருக்கிறார். வயசாச்சு, பயந்து சாகிறாய், வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று.

“அன்னிலேர்ந்து மீட்டரைப் பார்த்தா அவன் மூஞ்சிதான் தெரியுது. உன் முன்னால உட்கார்ந்தப்பவும் அதேதான். மாப்ள முன்னால தப்பா மூடிடக்கூடாதுன்னு.”

“இறங்கிடலாமே மச்சான்.”

“இறங்கி? உனக்கே வேற கதவு திறக்கல. எனக்கு யார் திறப்பா?” அவர் குரலில் கோபமில்லை. “அந்த ரூமைக் கொஞ்சம் கொடு எனக்கு. நான் பழகணும்.”

திங்கட்கிழமை மருதப்பன் வைதேகியிடம் மறைக்காமல் கேட்டான். அவள் யோசித்தாள். சனிக்கிழமைகளில் அறை சும்மாதான் கிடக்கிறது, பழைய மாணவர்கள் வந்து பழகலாம் என்று விதியிலேயே உண்டு, ஆனால் இனி எந்தக் காலத்திலும் நீங்கள் அவரைச் சோதிக்கக்கூடாது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அழகர்சாமி வந்தார். மருதப்பன் வாயுவை அனுப்பினான். அவர் நன்றாக மூடினார். திரும்ப அனுப்பினான், மூடினார். இதில் ஒன்றும் பிரயோஜனமில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. அவருக்கு மூடத் தெரியாமல் இல்லை.

“பொய் அலாரம் கொடு” என்றார் அழகர்சாமி. “நான் மூடுறேன். நீ உள்ள வந்து அவன் கத்தின மாதிரி கத்து.”

“நானா?”

“வேற யாரு? அவனையா கூட்டிட்டு வர முடியும்?”

மருதப்பன் பொய் அலாரம் அனுப்பினான். அழகர்சாமி பம்பை நிறுத்தினார், மூடினார். மருதப்பன் தடுப்பைத் திறந்துகொண்டு வந்து, “ஏன் மூடினீங்க?” என்றான்.

அழகர்சாமி சிரித்துவிட்டார். “பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்குறியே.”

மறுபடி செய்தார்கள். மறுபடியும் அவன் கேள்விதான் கேட்டான். வேலை வாங்கிக் கொடுத்தவர், பெண் கொடுத்தவர். அவர் முன்னால் அவன் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. எத்தனையாவது முறையோ, அழகர்சாமி நாற்காலியைத் திருப்பி, “கத்தத் தெரியல, பெயில் போட மட்டும் தெரியுது” என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா, வேண்டுமென்றே கிளப்பினாரா, மருதப்பனுக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்குள் ஏதோ உடைந்தது.

“எதுக்குய்யா மூடின? யார் கேட்டா உன்னை? ஒரு நாள் போச்சு! வயசாச்சுல்ல, உட்கார வேண்டியதுதானே வீட்ல! உன்னால என் வீட்ல பேச்சு இல்ல, உன்னால நான் காலையில நியூஸ் பார்க்கப் பயப்படுறேன், நீ என்னடான்னா அங்க போய் யோசிச்சுக்கிட்டு நிக்கிற! நான் இங்க கூண்டுல கிடக்கிறேன், எனக்குக் கடலே கிடையாது, நீ—”

மூச்சு வாங்கியது. பாதியிலிருந்து கம்பெனி மேன் காணாமல் போய்விட்டார் என்பது இருவருக்கும் புரிந்தது. அழகர்சாமியின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கை கைப்பிடியிலிருந்து நகரவில்லை.

“மட்டம் ஏறுச்சு” என்றார் நிதானமாக. “மூடினேன். நாளைக்கு ஏறினாலும் மூடுவேன். பிடிக்கலன்னா வேற ஆளைப் போட்டுக்குங்க.”

அவர் விடுமுறை முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் செய்தார்கள். மருதப்பனுக்குக் கத்தப் பழகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும். பாக்கியலட்சுமி கேட்கவில்லை, ஆனால் ஒரு சனிக்கிழமை மேசையில் இஞ்சித் தண்ணீர் வைத்திருந்தாள்.

அழகர்சாமி ரிக்குக்குப் போனார். நடுவில் ஒரு மதியம் போன் வந்தது.

“மூடிட்டேன் மாப்ள.”

மருதப்பன் எழுந்து நின்றுவிட்டான். “கேஸா?”

“இல்ல. யாரோ சொல்லாம தொட்டிக்குச் சேறு மாத்தியிருக்கான். குழாய் சிக்கல, ஒண்ணும் ஆகல. கம்பெனி மேன் குதிச்சான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்னை இங்கேர்ந்து எடுக்கச் சொல்லிட்டான்.”

“எடுக்கச் சொல்லிட்டானா?”

“ரெண்டு தடவை ஆச்சுல்ல. நாளைக்கு ஹெலிகாப்டர்.” பிறகு, “மூடினது நேத்து. ராத்திரி நல்லா தூங்கினேன்” என்றார்.

பாக்கியலட்சுமிக்கு விஷயம் தெரிந்ததும் வீடு மறுபடி இறுகியது. “பெயில் போட்டதும் நீங்க, பாடம் சொல்லிக் கொடுத்ததும் நீங்க. ரெண்டுலயும் அடி எங்கண்ணனுக்குத்தான்” என்றாள். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று மருதப்பன் தேடிப் பார்த்தான். அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழகர்சாமி அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சோதனைக்குப் பிறகு முதல் தடவை. மீன் குழம்பை இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டபோது தங்கையிடம், “அவரை ஒண்ணும் சொல்லாத லா. அவருகிட்ட நான்தான் கேட்டேன்” என்றார். பாக்கியலட்சுமி இன்னொரு மீன் துண்டை எடுத்து, முதலில் அண்ணன் தட்டில், பிறகு புருஷன் தட்டில் வைத்தாள்.

அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலம் நீண்டது. கடைசியில், சரவாக் கடலில் ஒரு பழைய ரிக், துணை டிரில்லர் வேலை என்று கேட்டார்கள். முன்பு இருந்ததைவிட ஒரு படி கீழே. முன்பு அவர் கையில் பழகிய ஒருவனுக்குக் கீழே வேலை. அழகர்சாமி ஒத்துக்கொண்டார்.

வழியனுப்ப மருதப்பனும் பாக்கியலட்சுமியும் சாங்கி விமான நிலையத்துக்குப் போனார்கள். காலை வெயில் கண்ணாடி வழியாக விழுந்துகொண்டிருந்தது. அழகர்சாமியின் பையில் பூட்ஸ் கனத்தது. தங்கையின் தலையைத் தொட்டார். மருதப்பன் பக்கம் திரும்பி, “வரேங்க மாப்ள” என்றார், வீட்டு மரியாதையோடு. உள்ளே போய், வரிசையில் நின்று, மறைந்தார்.

மருதப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். இத்தனை மாதமும் அவருக்காகப் பயந்தான், அவர் மேல் கோபப்பட்டான், பாவம் என்று நினைத்தான். இப்போது வந்தது அது எதுவும் இல்லை. பொறாமை. சாயங்காலத்துக்குள் அவர் கடல் மேல் இருப்பார். காலுக்குக் கீழே தளம் அதிரும், காற்று முகத்தில் உப்பைப் பூசும். இறங்கிய படியானாலும் அது நிஜமான படி. தனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர் போகிறார். அதே அளவு தெரிந்தும் தான் மட்டும் இங்கே நிற்கிறோம் என்று தோன்றியது.

“என்ன, அப்படியே நிக்கிறீங்க?” என்றாள் பாக்கியலட்சுமி.

“மத்தியானம் புது பேட்ச் வருது. லோயாங் போகணும்.”

“மத்தியானம்தானே.” அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணன் போன பக்கம் பார்த்தாள். பிறகு அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். “வாங்க, கீழ சாப்பாட்டுக் கடை இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க.”

இருவரும் படியிறங்கிப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. அவள் நின்றாள், அவன் இடம் பிடிக்கப் போனான்.